மிளகாய்ச் செடிக்கு நிழல்வலை: சிங்கப்பூர் வெயிலுக்கு எத்தனை சதவீதம்?

வாசகர் கேள்வி, மார்ச் 17

ஈசூன் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒரு பாத்தி கிடைத்திருக்கிறது. சில்லி பாடி என்னும் சின்னக் காரமிளகாயும் நீள மிளகாயும் வைத்திருக்கிறேன். ஓரத்தில் தொட்டிகளில் குடைமிளகாயும் உண்டு. நண்பகலில் எல்லாம் துவண்டு தொங்குகின்றன. பூக்கள் உதிர்கின்றன. கடைக்காரர் 70 சதவீதக் கறுப்பு வலையைக் காட்டி, இந்த ஊர் வெயிலுக்கு இதுதான் சரி என்கிறார். வாங்கலாமா?

மார்ச் 17, இரவு

வாங்காதீர்கள். 70 சதவீத வலை என்றால் நூற்றுக்கு எழுபது பங்கு வெளிச்சத்தைத் தடுத்துவிடும் வலை என்று பொருள். பெரணிக்கும் நிழல் விரும்பும் ஆர்க்கிட் வகைகளுக்கும் அது பொருந்தும். மிளகாயை அதன் கீழே வைத்தால் கொடிபோல நீண்டு, இலை பெருத்து, பூக்காமல் நிற்கும். 30 சதவீதம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 40. அதற்கு மேல் போகவே வேண்டாம்.

விரிவாக நாளை எழுதுகிறேன்.

மார்ச் 18

இணையத்தில் நிழல்வலை பற்றிப் படிப்பதில் பெரும்பகுதி அரிசோனா, டெக்சஸ் போன்ற இடங்களிலிருந்து வருகிறது. தமிழில் படித்தால் வேலூர், திருச்சி, மதுரை மாடித் தோட்டங்களிலிருந்து வருகிறது. அங்கே கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பாலைவன ஊர்களில் ஜூன் மாதப் பகல் 14 மணி நேரம் நீளும், மேகமும் இருக்காது. அந்த வெயிலில் 50 சதவீதத்தை மறைத்தாலும் செடிக்குத் தேவையான வெளிச்சம் மிஞ்சிவிடும்.

நம் நிலை வேறு. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். மேகம் அடிக்கடி வந்துவிடுகிறது. சிங்கப்பூரில் பதிவான உச்ச வெப்பமே 37 டிகிரிதான்: 1983 ஏப்ரலில் தெங்காவில் ஒரு முறை, 2023 மே 13இல் அங் மோ கியோவில் மறுமுறை. மற்ற நாள்களில் 31 முதல் 34க்குள் நிற்கிறது. இதில் பாதி வெளிச்சத்தை எடுத்துவிட்டால், மழை மூடிய நாளில் செடிக்கு என்ன மிஞ்சும்?

அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் குடைமிளகாயை வெவ்வேறு அளவு நிழலில் வளர்த்துப் பார்த்தார்கள். வலையே இல்லாமல் ஒன்று, பிறகு 30, 47, 63, 80 சதவீதம். நல்ல விளைச்சல் வந்தது 30 முதல் 47க்குள். அதற்கு மேல் இலைதான் பெருத்தது, காய் குறைந்தது. நம் மேகத்தையும் கணக்கில் எடுத்தால், அந்த வரம்பின் கீழ் நுனியில் நிற்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

மார்ச் 19

"துவண்டு தொங்குகிறது" என்பது மட்டும் போதாது. ஒரு மணிக்கு ஓர் இலையைப் பாருங்கள், அதே இலையை மாலை ஆறரைக்குப் பாருங்கள். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி, அவ்வளவுதான். மாலையிலும் தொங்கினால் வேரில் கோளாறு: தண்ணீர் போதவில்லை அல்லது தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது. விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி மாலையில் தொங்குகிறது என்றால் மேலும் தண்ணீர் ஊற்றுவது அதைக் கொல்வதற்குச் சமம். வலையும் உதவாது.

மார்ச் 22

பிடோக்கிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: "பன்னிரண்டு மணிக்கு வலையை விரிக்கிறேன், இரண்டு மணிக்குச் சுருட்டிவிடுகிறேன், சரிதானே?"

இல்லை அக்கா. நம் கடிகாரம் சூரியனைவிட முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரியில் மலேசியாவோடு சேர்ந்து நாமும் நேரத்தை முன்னே தள்ளினோம். அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டுக்கு அல்ல, பிற்பகல் ஒரு மணியை ஒட்டித்தான். பிப்ரவரியில் ஒன்றே கால்கூட ஆகும், நவம்பரில் பன்னிரண்டே முக்கால் மணி அளவில் வந்துவிடும். காற்றும் தரையும் சூடேறுவது அதற்கும் பிறகு. செடி உண்மையில் தவிக்கும் நேரம் பன்னிரண்டரையிலிருந்து நான்கு வரை. இரண்டு மணிக்குச் சுருட்டினால் மோசமான பாதியில் செடியைத் தனியே விடுகிறீர்கள்.

இன்னொன்று. இந்த வாரம் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. செப்டம்பர் 20 வாக்கில் மறுபடியும் வரும். ஒரு மணிக்கு வலையின் நிழல் நேர் கீழே விழும், அதில் குழப்பமில்லை. ஆனால் நான்கேகாலுக்குச் சூரியன் மேற்கில் 45 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது செடிக்கு ஒரு மீட்டர் மேலே கட்டிய வலையின் நிழல் ஒரு மீட்டர் கிழக்கே தள்ளி விழுகிறது. பாத்தியின் அகலமே ஒரு மீட்டர் என்றால் நிழல் முழுவதும் பக்கத்துப் பாத்திக்காரருக்குப் போய்விடும்! வலையை மேற்குப் பக்கம் ஒரு மீட்டர் நீட்டிக் கட்டுங்கள், அல்லது மேற்கே திரைபோலத் தொங்கவிடுங்கள். கிழக்கைத் திறந்தே வையுங்கள். காலை வெயில் மிளகாய்க்கு உணவு, அதில் கை வைக்கக் கூடாது.

மார்ச் 23

ஒருவர் "30 சதவீத வலையை இரண்டாக மடித்தால் 60" என்று எழுதியிருக்கிறார். அப்படிக் கூட்டக் கூடாது. முதல் அடுக்கு 70 பங்கை உள்ளே விடுகிறது, இரண்டாவது அந்த 70இல் முப்பது சதவீதத்தைத் தடுக்கிறது. மிஞ்சுவது 49. ஆகவே அது 51 சதவீத நிழல்.

கடைச் சீட்டில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பத் தேவையில்லை. கைப்பேசியில் வெளிச்சம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். மேகமில்லாத நேரத்தில் வெறும் வெயிலில் ஓர் அளவு, உடனே வலையின் நிழலில் கைப்பேசியை வைத்து ஓர் அளவு. செயலியின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் இரண்டுக்கும் உள்ள விகிதத்தை நம்பலாம். 50 என்று விற்ற வலை ஒன்றை இப்படிப் பார்த்தபோது 70ஐ நெருங்கியது. வலையைக் கையால் பக்கவாட்டில் இழுத்தால் கண்கள் விரிகின்றன, விட்டால் சுருங்குகின்றன. இறுக்கிக் கட்டுவதா தளர்த்திக் கட்டுவதா என்பதிலேயே நிழலின் அளவு மாறுகிறது.

பின்னிய வகையை வாங்குங்கள், நெய்த வகை வேண்டாம். பின்னியதைக் கத்தரித்தால் ஓரம் பிரியாது.

மார்ச் 30

அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். உங்களில் பெரும்பாலோருக்கு வலையே தேவையில்லை. உங்கள் தலைக்கு மேலே ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. மேல் மாடியின் தளம் உச்சி வெயிலை முழுவதும் மறைத்துவிடுகிறது. மார்ச்சில் வெயில் சுடுகிறது என்று நாம் எல்லோரும் சொல்லும் அதே வாரத்தில், வடக்கோ தெற்கோ பார்த்த தாழ்வாரத்துச் செடி நண்பகலில் ஒரு கதிர்கூடப் பார்ப்பதில்லை.

வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை வெயில் வரும், ஜூனில் அதிகம். தெற்குப் பார்த்தால் மற்றப் பாதி, டிசம்பரில் அதிகம். அதுவும் கைப்பிடிச் சுவரை ஒட்டிய தொட்டிகளுக்குத்தான் கிடைக்கும். சுவரோரம் உள்ளே தள்ளி வைத்தவை வெளிச்சத்துக்கு ஏங்கி நிற்கின்றன. அவற்றின் கணு இடைவெளியைப் பாருங்கள்: இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு நீண்டிருந்தால் செடி வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. இதன் மேல் வலை போடுவது பசித்தவனின் தட்டைப் பறிப்பது.

மேற்குப் பார்த்த வீடுகள் மட்டும் விதிவிலக்கு. மூன்று மணியிலிருந்து ஆறரை வரை சுவரும் தரையும் சேர்ந்து காய்கின்றன. அங்கே 30 சதவீத வலையைச் செங்குத்தாகத் தொங்கவிடலாம். ஆனால் நகர மன்றத்திடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது. பன்னிரண்டாவது மாடியிலிருந்து ஒரு கவ்வி விழுந்தாலும் கீழே நடப்பவரின் உயிருக்கு ஆபத்து. இதில் சமரசமே கிடையாது.

ஏப்ரல் 6

விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றுமழை அடித்தது. எங்கள் தோட்டத்தில் இரண்டு பாத்திகளின் வலைகள் கம்பங்களோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டன. செடிகளின் மேலேயே விழுந்து கிளைகளை முறித்திருக்கின்றன. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை இந்தக் காற்று எப்போது வேண்டுமானாலும் வரும்.

நான் கட்டும் முறை: நான்கு மூலையில் மூன்றை இழுவைக் கயிற்றால், அதாவது கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால் கட்டுகிறேன். நான்காவது மூலையில் மெல்லிய சணல். பெருங்காற்று வந்தால் சணல் அறுந்து, வலை கொடிபோல ஒரு பக்கம் பறக்குமே தவிர, கம்பத்தைப் பிடுங்காது. கேபிள் டை போட்டு நான்கு பக்கமும் இறுக்கியவர்களின் வலைகள்தான் கம்பத்தோடு போயின.

தோட்டத்தில் மூத்தவரான ஒரு சீன அங்கிள் வலையை மாலையில் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கம்பிமேல் வளையம் கோத்து, சன்னல் திரைபோல இழுக்கும்படி செய்திருக்கிறார். தினமும் தோட்டத்துக்கு வர முடிந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு நாளிலும் ஒருவர் காயைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நல்லது, கேள்விக்கு விடுமுறை இல்லை.

அது வெயில் சுட்ட தழும்பு. அடையாளம் சொல்கிறேன். காயின் ஒரு தோளில், வெயிலைப் பார்த்த பக்கத்தில் மட்டும், வெளிறிய திட்டு. தொட்டால் முதலில் மென்மையாக இருக்கும். இரண்டொரு நாளில் அந்த இடம் காய்ந்து, வெங்காயத் தோல்போல மெலிந்து சுருங்கும். பிறகு அதன்மேல் கறுப்புப் பூசணம் வந்து உட்காரும். பூசணத்தைப் பார்த்து நோய் என்று மருந்து அடிக்கிறார்கள். பூசணம் பின்னால் வந்த விருந்தாளி.

அதே திட்டு காயின் அடி நுனியில் இருந்தால் வேறு கதை. வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றும்போது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து ஒழுங்காகப் போய்ச் சேராமல் வருவது. தண்ணீரைச் சீராக்குங்கள்.

உங்கள் படத்தில் செடியின் மேற்பகுதியில் இலையே இல்லை. யார் கழித்தது? மிளகாய்க்கு அதன் இலைதான் முதல் குடை. காய் பிடித்த பிறகு மேல் இலைகளைக் கிள்ளாதீர்கள். காய் கனத்துக் கிளை சாய்ந்தாலும் உள்ளே மறைந்திருந்த காய் திடீரென்று வெயிலில் வந்துவிடுகிறது. ஒரு குச்சி ஊன்றிக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 27

இத்தனை எழுதிய பிறகு ஒன்று உறுத்துகிறது. வலையைப் பற்றியே பேசுகிறோம், தொட்டியைப் பற்றிப் பேசவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குத் தொட்டியின் மேற்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் கையை எடுத்துவிடுவீர்கள். அந்தச் சுவரின் உட்பக்கத்தில்தான் வேர் நுனிகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. செடியை உருவி எடுத்துப் பார்த்தால் தெரியும்: கிழக்குப் பக்கம் வெள்ளை வேர் வலைபோலப் பின்னியிருக்கும், மேற்குப் பக்கம் பழுப்பாக, மொட்டையாக இருக்கும். இலைக்கு மேலே எத்தனை வலை கட்டினாலும் இந்த வேர் திரும்பாது.

தொட்டியை இன்னொரு பெரிய தொட்டிக்குள் வையுங்கள், நடுவே காற்று இருக்கட்டும். வெளித் தொட்டியின் அடியிலும் துளை இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரிகளும் வருவார்கள். வெளிர் நிறத் தொட்டி, அல்லது வெள்ளைத் துணி சுற்றிய தொட்டி நல்லது. மண் மேலே தேங்காய் நாரையோ காய்ந்த இலையையோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல்.

தொட்டிச் செடிக்காரர்கள் வலைக்குப் பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்து ஒரு மாதம் பாருங்கள். பலருக்கு வலை தேவைப்படாது. இதை நான் மார்ச் 17ஆம் தேதிக் குறிப்பிலேயே முதல் வரியாக வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மே 11

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "30 சதவீத வலை போட்டேன், நீள மிளகாய் நன்றாகப் பிடிக்கிறது, குடைமிளகாய் மட்டும் இன்னும் பூவை உதிர்க்கிறது" என்கிறார்.

வருத்தமாகத்தான் சொல்கிறேன்: அதற்கு வலையால் ஒன்றும் செய்ய முடியாது. குடைமிளகாய்க்குப் பகல் சூட்டைவிட இரவுச் சூடுதான் பகை. இரவு 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் பிஞ்சு பிடிப்பது குறைந்துவிடும். நம் ஊரில் இரவின் சராசரிக் குறைந்தபட்சமே 24 முதல் 26 டிகிரி. மலேசியாவின் கேமரன் மலையில் அது செழிப்பதற்குக் காரணம் அங்குள்ள இரவுக் குளிர். உதிர்ந்த பூவை எடுத்துப் பாருங்கள், காம்பு மட்டும் மஞ்சளாகி, கணுவில் சுத்தமாகக் கழன்றிருக்கும். பூச்சி கடித்த தடம் இருக்காது.

விட மனமில்லாவிட்டால் சிறிய காய் வகைகளை வைத்துப் பாருங்கள். பெரிய நான்கு மூலைக் காயைவிட அவை சூட்டைத் தாங்கிக்கொள்கின்றன. சில்லி பாடி நம் மண்ணிலேயே வளர்ந்தது போன்றது. நிலத்தில் வேரூன்றிய வளர்ந்த சில்லி பாடிக்கு வலை வேண்டாம் என்பதே என் முடிவு. நாற்றாக இருக்கும்போது மட்டும் போதும். நிழலில் வளர்ந்த நாற்றைக் கடையிலிருந்து கொண்டுவந்து அன்றே வெயிலில் நட்டால் இலை வெளுத்துவிடும். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு வலைக்குக் கீழ், ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில்.

மே 12

கொண்டைக்குருவி, மைனா எல்லாம் பழுத்த சில்லி பாடியைக் கொத்துவதாகவும், காரம் பட்டும் திருந்தவில்லை என்றும் ஒருவர். பறவைக்குக் காரம் தெரியாது ஐயா. நம் நாக்கை எரிக்கும் பொருள் அவற்றின் நரம்பைத் தொடுவதில்லை. விதையைப் பரப்ப இயற்கை செய்த ஏற்பாடு. அவற்றைப் பொறுத்தவரை நீங்கள் இனிப்புக் கடை வைத்திருக்கிறீர்கள்.

நிழல்வலையைப் பக்கமெல்லாம் சுற்றிப் பறவையைத் தடுக்க வேண்டாம், காற்று நின்றுபோகும். மெல்லிய நூல் வலையும் வேண்டாம், பறவையின் கால் சிக்கிவிடும். சற்றுச் சிவந்ததுமே பறித்துவிடுங்கள்.

ஜூன் 8

இலை சுருள்வதெல்லாம் வெயிலால் என்று எண்ணி வலைக்கு மேல் வலை போடுகிறார்கள். வெயிலில் சுருளும் இலை நீளவாக்கில் மடிந்து மாலையில் விரியும். மாலையிலும் விரியாமல், கொழுந்து இலைகள் படகுபோல மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்ந்து, கீழ்நோக்கிச் சுருண்டு, காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்திப்பேன். கண்ணுக்குத் தெரியாது, உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். இதற்கு நனையும் கந்தகமோ வேப்பெண்ணெயோ அடிப்பவர்கள் மாலையில் மட்டும் அடியுங்கள். நம் பகல் வெப்பத்தில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும்.

ஜூலை 20

"மிளகுக் கொடிக்கும் இதே 30 சதவீதம் போதுமா?" என்று தெம்பனிஸ் வாசகர்.

மிளகு மரத்தடியில் ஏறி வளரும் கொடி. இளங்கொடிக்கு 50 சதவீதம்கூடப் போடலாம். மிளகாய்க்குச் சொன்ன எதுவும் இதற்குப் பொருந்தாது. இந்தத் தீவு ஒரு காலத்தில் மிளகுக் காடாக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் சீனக் குடியேறிகள், தோல் பதனிடவும் சாயத்துக்கும் பயன்பட்ட காம்பியர் செடியையும் மிளகையும் சேர்த்தே பயிரிட்டார்கள். காம்பியர் இலையைக் காய்ச்சி எடுத்த பிறகு மிஞ்சிய சக்கை மிளகுக்கு எரு. காய்ச்சுவதற்கு விறகாகக் காடு அழிந்தது, மண் சத்திழந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். நம் சமூகத் தோட்ட மண்ணை நான் கொத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. எருவை அள்ளிப் போடுங்கள், இந்த மண்ணுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

செப்டம்பர் 21

சூரியன் மறுபடியும் தலைக்கு நேரே. வலையை எடுத்து வைத்தவர்கள் பிற்பகலில் மட்டும் திரும்பக் கட்டலாம். ஆனால் புகைமூட்டம் வந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் வலையும் சேர்ந்தால் செடி பட்டினி கிடக்கும். புகை படிந்த இலையை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

டிசம்பர் 7

மழைக்காலம் தொடங்கிவிட்டது. "வலை மழையை உடைத்துத் தூறலாக்குகிறது, மண் தெறிப்பதில்லை, வைத்திருக்கட்டுமா?" என்று கேள்வி கேட்டவரே கேட்டிருக்கிறார். அது உண்மைதான், மண் தெறித்துப் பழ அழுகல் பரவுவது குறையும். ஆனால் வலையின் கீழ் இலை உலர நேரமாகிறது, வெளிச்சமும் ஏற்கெனவே குறைவு. கழற்றிவிட்டுத் தரையில் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்புங்கள், தெறிப்பு அதிலேயே நின்றுவிடும். கழற்றிய வலையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, சுருட்டி வையுங்கள். பாசி படிந்த 30 சதவீத வலை மார்ச்சில் 40ஆக மாறியிருக்கும்.

கறிவேப்பிலை பற்றிக் கேட்ட இருவரும் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.